நாற்பத்தொரு நிமிடம் படித்தவர்

பல் துலக்குவதற்கு முன்பே கிரீஸ் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவான். ஒரு கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடிக்கொண்டு, படுத்தபடியே கைபேசியில் தன் வலைப்பூவின் புள்ளிவிவரப் பக்கத்துக்குப் போவான். நேற்று வந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொன்றில் இரண்டு அவனேதான். ஒரு தடவை எழுத்துப்பிழை பார்க்கப் போனது, இன்னொரு தடவை அந்தப் பிழை திருந்திவிட்டதா என்று பார்க்கப் போனது. மீதி ஒன்பது. ஒன்பதில் நாலு பேர் மூன்றே விநாடியில் ஓடிப்போனவர்கள். வேறு எதையோ தேடி வந்து, இது அது இல்லை என்று தெரிந்ததும் வந்த வழியே போனவர்கள். ஆக ஐந்து. அந்த ஐந்து பேரை நினைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பல் துலக்குவான்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறான். கம்பெனியில் அவன் பொறுப்பில் நாற்பத்தாறு லிஃப்ட்டுகள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும் என்பதால் கிரீஸ் என்று யாரோ கூப்பிட ஆரம்பித்து, இப்போது சம்பளம் போடுகிறவர் வரைக்கும் அதுதான் பெயர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வலைப்பூவைத் தொடங்கினான். பெயர் 'இரண்டு மாடிகளுக்கு நடுவே'. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித்தான் எழுதுவான். கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள், உள்ளே இருந்த நேரத்தில் என்ன செய்திருக்கிறார்கள். ஒருவர் மணி என்ன என்று கேட்டார், கையில் கடிகாரம் கட்டியிருந்தும். ஒரு கணவன் மனைவி, கதவு திறந்தும் சண்டையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். ஒரு பெரியவர் இரண்டு கையிலும் கனமான பை, முக்கால் மணி நேரம் கீழே வைக்காமலே நின்றிருக்கிறார். "ஏன் சார், கீழ வச்சிருக்கலாமே?" என்று கேட்டதற்கு, "வச்சா இங்கயே தங்கிட்ட மாதிரி ஆயிடும்ப்பா" என்றார். அதை எழுதி முடித்த அன்று அவனுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. படித்தவர்கள் நான்கு பேர்.

இவனுக்கு எதற்கு இந்த எண்ணிக்கை வியாதி என்று மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். லிஃப்ட் ஓடும்போது யாரும் லிஃப்ட்டை நினைப்பதில்லை. நின்றால்தான் நினைப்பார்கள், அதுவும் திட்டத்தான். பத்தொன்பது வருடத்தில் ஒருவர்கூட, "இன்னைக்கு சத்தமில்லாம நல்லா இறங்குச்சுங்க" என்று சொன்னதில்லை. எழுத்திலும் அதே கதை நடந்தால் மனுஷன் எங்கே போவான்? அந்த எண்தான் அவனைப் பார்த்துத் தலையசைக்கும் ஒரே முகம். அது நாலு என்றால் நாலு தடவை அசைகிறது. பூஜ்யம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்துக்கொண்டிருப்போம்.

வீட்டில் அவன் எழுதுகிற இடம் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேலே பரணில் பழைய சூட்கேஸ். கதவை மூடினால் நாற்காலியைப் பின்னால் தள்ள முடியாது. காலை ஐந்திலிருந்து ஆறு வரை அது அவனுடையது. ஆனால் மகளுக்கு இந்த வருடம் பெரிய பரீட்சை.

"அப்பா, அந்த ரூம் எனக்கு வேணும்" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. "ஹால்ல அம்மாவோட சீரியல், உங்க குறட்டை. நடுவுல நான் எங்க படிக்கிறது?"

"பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

"நீங்க மட்டும் எந்தப் பரீட்சைக்கு எழுதறீங்க? அஞ்சு பேர் படிக்கிறதுக்கு ஒரு ரூமா? பேசாம அந்த அஞ்சு பேருக்கும் போன் பண்ணிப் படிச்சுக் காட்டிடுங்க."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். "அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்குங்க. நான் ஒரு நாளைக்கு அறுபது பேரக் குத்தறேன். ஒருத்தராவது திரும்பி வந்து, 'அக்கா, நேத்து ஊசி நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லியிருக்காங்களா? நான் என்ன, எண்ணிக்கிட்டா இருக்கேன்?"

"இப்ப எண்ணித்தானே சொன்ன, அறுபதுன்னு."

"அது ஆபீஸ்ல கேப்பாங்க."

"என்கிட்ட நானே கேட்டுக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

கடைசியில் மகள்தான் ஒரு ஒப்பந்தம் போட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒரே ஒரு நாள் நூறு பேர் வந்தால் போதும், அவள் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். வராவிட்டால் அப்பா மேசையோடு வெளியே. "நூறுதான் கேக்கறேன். சும்மா குட்டிக்கரணம் அடிக்கிற நாய்க்கே லட்சம் பேர் வர்றாங்க" என்றாள். கிரீஸ் சரி என்றான்.

மறுநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. நாற்பத்தாறு லிஃப்ட். ஒவ்வொன்றிலும் தினமும் நூறு இருநூறு பேர் ஏறி இறங்குகிறார்கள். எல்லோரும் உள்ளே நின்று வெறும் கதவைப் பார்க்கிறார்கள். இத்தனை ஜனத்தைத் தினமும் தூக்கி இறக்குகிறவனுக்கு வாசகர் இல்லை என்றால் அதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

அச்சுக்கடைக்குப் போய் ஐம்பது ஸ்டிக்கர் அடித்தான். ஒரு க்யூஆர் கோடு, அதன் கீழே வலைப்பூவின் பெயர், வேறு ஒரு வார்த்தை இல்லை. விளம்பரம் மாதிரித் தெரிந்தால் கட்டடக்காரர்கள் கிழித்துவிடுவார்கள். அதனால் கம்பெனியின் அவசர உதவி அறிவிப்பு என்ன மஞ்சளோ அதே மஞ்சளில் அடிக்கச் சொன்னான். அந்த அறிவிப்புக்குக் கீழே, அபாய மணி பொத்தானுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் எல்லா லிஃப்ட்டிலும் காலியாக இருக்கும். அங்கேதான் ஒட்டினான். தொழில்காரன் கை அல்லவா, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஓரம் ஒரு நூல் பிசகாமல் ஒட்டினான். கம்பெனியே ஒட்டியது போல இருந்தது. தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான்.

முதல் வாரம் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. இரண்டாம் வாரம் ஒரு நாள் முப்பத்தெட்டு. பெரும்பாலானோர் பத்து விநாடியில் போய்விட்டார்கள், ஆனாலும் வந்தார்களே. கிரீஸ் புள்ளிவிவரப் பக்கத்தைப் பஞ்சாங்கம் போலப் படிக்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைகிறது, ஆகவே இவர்கள் ஆபீசுக்குப் போகிறவர்கள். காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் ஏறுகிறது, ஆகவே அவசரத்தில் படிக்கிறவர்கள். அவசரக்காரர்களுக்கு நீளமாக எழுதக்கூடாது. பை வைத்திருந்த பெரியவரைப் பற்றி எழுதிய கையால், 'லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் செய்யவே கூடாத ஐந்து விஷயங்கள்' என்று எழுதினான். மூன்றுக்கு மேல் அவனுக்குத் தோன்றவில்லை. தலைப்பில் ஐந்து இருந்தால் போதும் என்று விட்டுவிட்டான். அடுத்து 'பயந்தாங்கொள்ளிகளின் பத்து வகை' என்று ஒன்று. அபாய மணியை ஐம்பது தடவை அழுத்துகிறவர்கள், கதவைக் காலால் உதைக்கிறவர்கள், கடவுளைக் கூப்பிடுகிறவர்கள் என்று ஒவ்வொருவரையும் நக்கலடித்து. அன்று நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். நக்கல்தான் எடுபடுகிறது என்று முடிவு கட்டினான்.

இடையில் ஒரு நாள் ஒரு கட்டடக் காவலாளி, "ஏம்ப்பா கிரீஸு, உங்க கம்பெனி சைட்டுல எழுதிப்போட்டா பதிலே வர்றதில்லையாமே? மூணாவது மாடிக்காரர் கத்திட்டுப் போறாரு" என்றார்.

"அதெல்லாம் ஆபீஸ்ல சொல்லுங்கண்ணே. எனக்கென்ன தெரியும்?" என்று ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வலைப்பூவில் பின்னூட்டம் என்று ஒன்று உண்டு. படித்தவர்கள் கீழே எழுதும் இடம். முடி வளரத் தைலம் விற்பவர்களும் ஒரு மணி நேரத்தில் கடன் தருகிறவர்களும் அங்கே வந்து குவிந்ததால், எதுவும் தன் அனுமதி இல்லாமல் வெளிவராதபடி கிரீஸ் எப்போதோ மாற்றி வைத்திருந்தான். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. எண் ஒரு தட்டில் தெரிந்தது, பின்னூட்டத்துக்கு மூன்று தட்டு தட்டவேண்டும்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது அந்த வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்தே மின்சாரம் போவதும் வருவதுமாகக் கண்ணாமூச்சி காட்டியது. வீட்டில் விளக்கு அணைந்தால் திரும்ப எரியும். லிஃப்ட் அப்படி இல்லை. குறைந்தும் கூடியும் வரும் மின்சாரத்தை அது நம்பாது, நின்ற இடத்தில் உம்மென்று நின்றுவிடும். ஆள் போய்த்தான் சமாதானப்படுத்த வேண்டும். பதினொரு மணிக்குள் இரண்டு கட்டடத்தில் ஆட்களை வெளியே எடுத்தான். மூன்றாவது கட்டடத்தில் உள்ளே யாரும் இல்லை, வெறும் பெட்டிதான். அதையும் ஓட்டிவிட்டு, மொட்டைமாடியில் இருந்த மெஷின் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தான். முட்டி வலித்தது. லிஃப்ட் பழுதான கட்டடத்தில் பழுது பார்க்கிறவன் படியேறித்தான் போகவேண்டும், அதை யாரும் யோசிப்பதில்லை.

கைபேசியை எடுத்தான். மணி பன்னிரண்டே முக்கால். எண்ணிக்கை எழுபத்தொன்று.

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. திரும்ப அழுத்தினான். எழுபத்தாறு. முந்தின நாள் போட்ட பதிவு பற்றிக்கொண்டுவிட்டது என்று நினைத்தான். மின்சாரம் இல்லாததால் டிவி இல்லை, டிவி இல்லாததால் ஜனங்கள் படிக்கிறார்கள் என்று ஒரு சித்தாந்தமும் உடனே தயாரானது. அப்போதுதான் கவனித்தான், கீழே ஒரு வரி: 'இப்போது படித்துக்கொண்டிருப்பவர்: 1'. வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஐந்து நிமிடம் யாரும் இருந்ததில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறு. ஏழு. அந்த ஒருவர் முதல் பக்கத்திலிருந்து 'பயந்தாங்கொள்ளிக'ளுக்குப் போனார். அங்கிருந்து 'ஐந்து விஷயங்க'ளுக்கு. அப்புறம் பழைய பதிவுகளுக்குள் இறங்கினார். மூன்று வருடத்தில் யாரும் இறங்காத ஆழம். பன்னிரண்டாவது நிமிடம் பை வைத்திருந்த பெரியவரின் பக்கத்தில் இருந்தார். அங்கே நான்கு நிமிடம் இருந்தார். அவ்வளவு சின்னப் பதிவுக்கு நான்கு நிமிடம் என்றால் இரண்டு தடவை படித்திருக்கவேண்டும். சோறு காய்ந்து விரலில் ஒட்டியது.

ஒன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. திரையின் மேல்பாதியை அது மறைத்தது. ஒரு வாய் சாப்பிட விடமாட்டார்கள் என்று முனகிக்கொண்டே அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு மறுபடியும் அந்த ஒன்றைப் பார்த்தான். இருக்கிறாரா, போய்விட்டாரா? இருந்தார். எண்ணிக்கை எண்பத்தொன்பது.

ஒன்பது நிமிடம் கழித்து இரண்டாவது தடவை அழைப்பு வந்தது. எடுத்தான்.

"அண்ணே, எங்கண்ணே போயிட்டீங்க?" ஆபீஸில் புகார்களைக் குறித்துக்கொள்கிற பெண்ணின் குரல் கிறீச்சிட்டது. "பல் ஆஸ்பத்திரி இருக்கிற பில்டிங். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஒரு அம்மா. வாட்ச்மேன் சாப்பிடப் போயிட்டு வந்துதான் மணிச் சத்தத்தக் கேட்டிருக்காரு. நம்ம லைனும் காலைலேர்ந்து எங்கேஜ்டு. மத்தவங்க எல்லாம் வெளிய மாட்டிக்கிட்டாங்க, நீங்கதான் பக்கத்துல."

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்மா. கிளம்பிட்டேன்."

இரண்டு தெரு தள்ளி. வண்டியில் நான்கு நிமிடம், ஏழு மாடிப் படி ஐந்து நிமிடம். மேலே போய்ப் பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெட்டியை அங்குலம் அங்குலமாக நான்காம் மாடிக்கு இறக்கினான். பின்பு படியிறங்கி நான்காம் மாடிக்கு வந்தான். கதவுச் சாவியைச் செருகுவதற்கு முன்னால், பழக்க தோஷம், கைபேசியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். எண்ணிக்கை நூற்று நான்கு. படித்துக்கொண்டிருப்பவர் ஒன்று, நாற்பத்தொரு நிமிடம்.

நூற்று நான்கு. அறை தப்பித்தது. சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தான்.

உள்ளே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் செருப்பைக் கழற்றிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பல் ஆஸ்பத்திரியின் வெளிர்நீலச் சட்டை. முகம் வேர்த்திருந்தது. கையில் கைபேசி, அதில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு பக்கம். தன் வலைப்பூவின் அந்தப் பட்டையை அவன் எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும், அதைத் தேர்ந்தெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தவன் அவன். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை மூடினாள்.

அவன் கையிலிருந்த திரையில் ஒன்று பூஜ்யமானது.

"சிரிக்கறீங்க?" என்றாள் அவள்.

"இல்லைங்க... தண்ணி வேணுமா?"

"ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி இருக்கு, நான் பாத்துக்கறேன். ஏங்க, இது உங்க கம்பெனிதான?" உள்ளே கையை நீட்டி அந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். "உதவிக்குன்னு போட்டு நம்பர் குடுத்திருக்கீங்க, அது எங்கேஜ்டு. அதுக்குக் கீழ இத ஒட்டியிருக்கீங்க, சரின்னு போனக் காட்டினா என்னமோ கதை வருது. கீழ எழுதற இடம் இருந்துச்சு. எந்த பில்டிங், எத்தனாவது மாடி, எல்லாம் எழுதினேன். மூணு தடவை எழுதினேன். யார் பாக்கறீங்க அத?"

கிரீஸ் கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"அப்புறம் என்ன பண்றது? மூச்சு முட்டற மாதிரி இருந்துச்சு. சும்மா இருந்தா பயமாயிடும்னு எல்லாத்தையும் படிச்சேன். வேற வழி?"

அந்த இடத்தில் அவன் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தான். "எது நல்லா இருந்துச்சு?" என்று வந்தது.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நகக்கண்களைப் பார்த்தாள். "ஓ. நீங்கதானா அது?"

தலையாட்டினான்.

"பையக் கீழ வைக்காத பெரியவர் நல்லா இருந்தாரு. அதப் படிச்சிட்டுத்தான் கீழ உக்காந்தேன். அவர் மாதிரி நின்னுக்கிட்டு இருக்க வேண்டாம்னு." கைப்பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். "அஞ்சு விஷயம்னு போட்டுட்டு மூணுதான் எழுதியிருக்கீங்க. மீதி ரெண்டு எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன். அப்புறம் மணிய அம்பது தடவை அழுத்தறவங்க பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருந்தீங்க. நான் எண்ணல. அம்பதுக்கு மேலதான் இருக்கும்."

"தப்புங்க. நான் வந்து..."

"புகாரெல்லாம் குடுக்க எனக்கு நேரமில்ல. உள்ள ஒருத்தர் வாயத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு, டாக்டரு கத்துவாரு. மொதல்ல அந்தக் காகிதத்தக் கிழிங்க."

ஆஸ்பத்திரி வாசலில் அவள் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கிரீஸ் லிஃப்ட்டுக்குள் போய், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, மூன்று தட்டு தட்டினான். நிறுத்திவைக்கப்பட்ட பின்னூட்டங்கள்: முப்பத்தேழு. தைலக்காரன், கடன்காரன் போக இருபத்தொன்பது.

'ஹலோ.' 'யாராவது இருக்கீங்களா?' 'ரெண்டாவது மாடி, பி பிளாக், நாலு பேர் இருக்கோம்.' 'சார் கதவு திறக்கல.' 'என் பொண்ணு ஸ்கூல் விட்டு நிக்கறா, சீக்கிரம் வாங்க.' 'இது என்ன சைட்?' 'மூணாவது மாடி. திரும்பவும் நின்னுடுச்சு. வெக்கமா இல்லையா உங்களுக்கு?' ஒன்றில் ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் புள்ளிகள். ஒருவர் மட்டும் அரை மணி கழித்து மறுபடி வந்து, 'வெளிய வந்துட்டோம், உடனடி நடவடிக்கைக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். மூன்று வருடத்தில் அந்த வலைப்பூவுக்கு வந்த முதல் நன்றி அது.

தேதிகளைப் பார்த்தான். முப்பத்தெட்டு பேர் வந்த நாள், நாற்பத்தைந்து பேர் வந்த நாள். எல்லா நாளும் அவனுக்கு ஞாபகம் இருந்தது, அன்றைக்கு எந்த லிஃப்ட் நின்றது என்பதும். நின்றுபோன லிஃப்ட்டுகளைத்தான் அவன் இத்தனை நாள் பாராட்டாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் வாசலிலேயே நின்றாள். புள்ளிவிவரப் பக்கத்தை அவளும் பார்த்திருக்கிறாள். "நூத்தி நாலு! அப்பா, என்ன வித்தை பண்ணீங்க? சரி விடுங்க, தோத்துட்டேன். ஹால்லயே காதுல பஞ்ச வச்சுக்கிட்டுப் படிக்கிறேன்."

மறைக்க நினைத்தால் மறைத்திருக்கலாம். நூற்று நான்கு நூற்று நான்குதான், யாரும் அதை அழிக்கப்போவதில்லை. அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே ஒன்றுவிடாமல் சொன்னான். ஸ்டிக்கர், மஞ்சள் நிறம், பல் ஆஸ்பத்திரி அம்மா, மீதி இரண்டு விஷயம். மகள் ஆரம்பத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

மனைவி சிரிக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். ரத்தக்குழாய் கிடைக்காத கையைத் தடவிப் பார்ப்பது போல மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஆபீஸ்லேர்ந்து போன் வந்ததுன்னீங்களே. எப்ப எடுத்தீங்க?"

"ரெண்டாவது தடவை அடிச்சப்ப."

"மொத தடவை?"

அவன் காலணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"அந்தம்மா படிக்கிறதப் பாத்துக்கிட்டிருந்தேன், ஒம்பது நிமிஷம்."

குழாயில் தண்ணீர் சொட்டியது. மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய்விடலாமா என்பது போல நின்றாள்.

"ஒன்பது நிமிஷம்" என்றாள் மனைவி. வெங்காயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கிரீஸ் எழுந்து போய்ச் சின்ன அறையின் மேசையை இழுக்க ஆரம்பித்தான். கதவு குறுகல், மேசை மாட்டிக்கொண்டது. மகள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். "நாளைக்குக் காலைல பண்ணலாம்ப்பா" என்றாள். "இல்ல, பிடி" என்றான். சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து, சுவரில் காரை பெயர, வெளியே கொண்டுவந்து ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் போட்டார்கள். அவள் தன் மடக்கு மேசையையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கும் நாற்காலியைப் பின்னால் தள்ள முடியவில்லை, உள்ளிருந்து சத்தம் கேட்டது.

நாற்பத்தாறு ஸ்டிக்கரையும் சுரண்டி எடுக்க ஐந்து நாள் ஆயிற்று. தன் கை நேர்த்தியை அவனே சபித்துக்கொண்டான், பிளேடு வைத்தாலும் ஓரம் எழும்பவில்லை. தின்னர் தொட்டுத் துடைத்தால் அடியிலிருந்த பூச்சும் கூடவே வந்தது. 'ஐந்து விஷயங்க'ளையும் 'பயந்தாங்கொள்ளிக'ளையும் வலைப்பூவிலிருந்து எடுத்துவிட்டான். அவற்றுக்குப் பதிலாக ஒரு காலையில், ஹாலில், மனைவி ஈரத்தலையோடு குறுக்கே போய்வந்துகொண்டிருக்க, அந்த இருபத்தொன்பது பின்னூட்டங்களையும் வரிசையாகத் தேதியும் மணியும் போட்டு ஒரே பதிவாக இட்டான். யார் எந்தக் கட்டடம் என்பதை மட்டும் நீக்கினான். கடைசியில் தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தான். முதல் அழைப்பு வந்த நேரம், தான் எடுத்த நேரம். இடையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் எழுதினான். அழகாக்க ஒன்றும் இல்லை, அப்படியே விட்டான்.

மறுநாள் மதியம் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் டப்பாவைத் திறக்கும் முன்பு பார்த்தான். பார்க்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து இருந்தான். வந்தவர்கள் பதினான்கு. சராசரியாக இருந்த நேரம் ஆறு நிமிடம். இரண்டு பேர் கடைசி வரி வரைக்கும் போயிருந்தார்கள்.

வெட்கப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷமாக இருந்தது அவனுக்கு. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டினால் போய்விடுகிற சந்தோஷமாகவும் அது இல்லை, வெயிலில் கிடக்கும் நாய் மாதிரி அசையாமல் கிடந்தது. யார் அந்த இரண்டு பேர் என்று ஒரு நிமிடம் யோசித்தான். பல் ஆஸ்பத்திரி அம்மாவாக இருக்க வழியில்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். நினைத்ததும் அலுப்பு வந்தது.

கைபேசியின் ஒலியை முழுதாக ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கவேண்டும். முதுகுக்குப் பின்னால் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது, கயிறுகள் ஓடின, நின்றன. எந்த மாடி என்று சத்தத்தை வைத்தே அவனுக்குத் தெரியும். மூன்று.